சுறாவுக்கு ஒரு நற்சான்று

பி.எஸ்சி. விலங்கியல், மூன்றாம் ஆண்டு

நெய் வாங்கச் சென்றால் டின்னின்மேல் அக்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். இஸ்திரிப் பெட்டி வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுகிறோம். முத்திரை கண்ட பொருளை நம்புவது நமக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் மீன் வாங்கும்போது முத்திரை பார்த்தவர் நம்மில் எவரேனும் உண்டா? செவுளைத் தூக்கிப் பார்ப்போம்; கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்போம்; விரலால் அழுத்திப் பார்ப்போம். அத்துடன் சரி. அந்த மீன் பிடிபட்ட கடலில் இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று மீன்காரரை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவரால் சொல்ல இயலாது.

அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கென்றே உலகில் ஒரு முத்திரை இருக்கிறது. அக்மார்க் முத்திரை டின்னுக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்கிறது. இந்த முத்திரையோ கடலுக்குள் மிச்சமிருப்பதைப் பற்றிச் சொல்கிறது. இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு.

சென்ற பருவத்தில் எங்கள் துறையின் விலங்கியல் மன்றக் கூட்டத்தில் இதைப்பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். அமெரிக்காவில் ஒரு சுறா மீன்பிடிப்புக்கே அந்த முத்திரை கிடைத்தது என்று நான் சொன்னதும், முன்வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர், “சுறாவைக் கொல்வதற்குக்கூட நற்சான்று கொடுப்பார்களா?” என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. “ஆமாம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி என்னை விடவில்லை. கடற்கரை ஊரில், சுறாப் புட்டு தின்று வளர்ந்தவனுக்கு அது வெறும் அறிவியல் கேள்வியாகத் தோன்றவில்லை. அன்று சொல்லாமல் விட்ட விடையை இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

முட்சுறாவின் வாழ்க்கை

நம் பாடநூல்களில் சுறா என்றால் ஸ்கோலியோடான். நம் துறை அருங்காட்சியகத்தில், ஃபார்மலின் நிறைந்த கண்ணாடிச் சாடியில், தலைகீழாக நிற்கும் அந்த மீனை அறியாதவர் இல்லை. மேலைநாட்டுக் கல்லூரிகளில் அந்த இடத்தை வகிப்பது ஸ்குவாலஸ் அகாந்தியஸ் என்னும் சிறு சுறா. முதுகுத் துடுப்புகள் இரண்டின் முன்னும் ஒவ்வொரு முள் இருப்பதால் ‘ஸ்பைனி டாக்ஃபிஷ்’ என்று ஆங்கிலத்தில் பெயர். அம்முள் குத்தினால் இலேசான நஞ்சும் ஏறும். இதனை இக்கட்டுரையில் முட்சுறா என்றே வழங்குகிறேன்.

அளவில் இது பெரிய சுறா அன்று. நன்கு வளர்ந்த பெண் ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஆண் அதனினும் சிறியது. வியப்பு அதன் உருவத்தில் இல்லை. அதன் நாட்கணக்கில் இருக்கிறது. மேற்கு அட்லாண்டிக்கில் ஒரு பெண் முட்சுறா பருவம் எய்தப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கருவுற்றபின் குட்டியைச் சுமப்பது பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதங்கள். முதுகெலும்பு உள்ள உயிர்களில் இத்துணை நீண்ட காலம் கருச்சுமப்பவை மிகச் சிலவே. யானையை இதற்கு இணையாகச் சொல்லலாம். அவ்வளவு காலம் சுமந்து ஈனுவது சராசரியாக ஆறு குட்டிகள்.

நம் கடலின் சாளை மீனை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அது ஓராண்டுக்குள் பருவம் எய்திப் பல்லாயிரம் முட்டைகளை இடுகிறது. சாளை நெற்பயிர் போன்றது. அறுத்தால் அடுத்த போகத்தில் மீண்டும் விளையும். சுறா பனைமரம் போன்றது. வெட்டினால் அடுத்த தலைமுறைதான் அவ்விடத்தில் பதநீர் குடிக்கும். பனந்தோப்பை நெல்வயல் என்று எண்ணி அறுத்தவர்களின் கதைதான் இனி வருவது.

தொல்லை மீன் விலைமீன் ஆனது

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள மாசசூசெட்ஸ் மாநிலத்து மீனவர்களுக்கு முட்சுறா நெடுங்காலம் ஒரு தொல்லை. அவர்கள் தேடிச் சென்றது காட், ஹேடாக் ஆகிய மீன்களை. முட்சுறா கூட்டம் கூட்டமாக வந்து தூண்டில் இரையைத் தின்னும். வலையைக் கடித்துக் கிழிக்கும். வலையிலிருந்து எடுக்கும்போது முள்ளால் குத்தும். இரண்டாம் உலகப்போரின்போது ஐரோப்பிய மீனெண்ணெய் வருவது தடைப்பட்டதால், அமெரிக்காவின் மேற்குக் கரையில் வைட்டமின் ஏ எடுப்பதற்காகச் சுறா ஈரலுக்குச் சிறிது காலம் கிராக்கி இருந்தது. வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டதும் அந்தச் சந்தை மடிந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து சோவியத் நாடு உள்ளிட்ட அயல்நாட்டுக் கப்பல்கள் கிழக்குக் கரைக்கு அப்பால் இதைப் பிடித்தன. 1976-இல் அமெரிக்கா 200 மைல் கடலுரிமைச் சட்டம் கொண்டுவந்தபின் அவையும் விலகின.

திருப்பம் வந்தது 1980-களின் இறுதியில். காட் மீன் குறையத் தொடங்கியது. ‘சரியாகப் பயன்படுத்தப்படாத மீன் இருக்கிறதே, அதைப் பிடியுங்கள்’ என்று அரசே மீனவர்களை ஊக்குவித்தது. வாங்குவதற்கு ஐரோப்பா காத்திருந்தது. இங்கிலாந்தில் இது ‘ராக் சால்மன்’ என்ற பெயரில் வறுவல் கடைகளில் விற்கும், பிரான்சில் ‘சோமோனெத்’. ஜெர்மனியில் இதன் வயிற்றுச் சதையைப் புகையூட்டினால் சுருண்டுகொள்ளும். அதற்கு, கவிஞர் ஷில்லரின் சுருள்முடியை நினைவூட்டும் வகையில் ‘ஷில்லர்லாக்கன்’ என்று பெயர். எந்தப் பெயரிலும் சுறா என்ற சொல் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தின்பவர் பலருக்குத் தாம் தின்பது சுறா என்றே தெரியாது. துடுப்புகள் ஆசியச் சந்தைக்குச் சென்றன.

1996-ஆம் ஆண்டில் கரைக்கு வந்த முட்சுறா சுமார் 27,000 டன். அதில் பெரும்பகுதி பெண் சுறாக்கள். காரணம் எளிது. பெண் பெரியது, பெரிய மீனுக்கே ஆலையில் விலை. ஆகவே மீனவர்கள் தேர்ந்தெடுத்துப் பிடித்தது முழுவளர்ச்சி பெற்ற பெண் சுறாக்களை, அவற்றுள்ளும் சினைப்பட்டவற்றை. பனந்தோப்பில் காய்க்கும் பெண்பனைகளை மட்டும் பார்த்துப் பார்த்து வெட்டுவதற்கு இது ஒப்பாகும்.

எண்ணியவரும் கண்டவரும்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் என்னும் ஊரில் அமெரிக்க அரசின் மீன்வள ஆய்வுக்கூடம் உள்ளது. அங்கிருந்து 1968 முதல் ஒவ்வோர் ஆண்டும் இளவேனிற்காலத்தில் ஆய்வுக் கப்பல் சென்று, குறிப்பிட்ட முறையில் வலையிழுத்து, கிடைத்தவற்றை எண்ணி, அளந்து எழுதி வருகிறது. இலையுதிர்காலக் கணக்கெடுப்பு 1963 முதலே நடக்கிறது. வணிகப் படகு மீன் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லும். ஆய்வுக் கப்பல் மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்பே குறித்த இடங்களில் வலை வீசும். ஆகையால்தான் அதன் கணக்கு நம்பத்தக்கதாகிறது.

அந்தக் கணக்கில், 80 செ.மீ.க்கு மேற்பட்ட பெண் சுறாக்கள் விரைந்து குறைவது தெரிந்தது. 1998-இல் இம்மீன் அளவுக்கு மேல் பிடிக்கப்பட்டுவிட்டது என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் கொதித்தெழுந்தனர். “கடல் முழுவதும் முட்சுறா, வலை வைக்க இடமில்லை, இல்லை என்கிறீர்களே!” என்பது அவர்கள் வாதம்.

இதில் இருதரப்பும் உண்மையே பேசினர் என்பதுதான் எனக்கு மிகவும் சுவையாகப் பட்ட செய்தி. முட்சுறாக்கள் பாலினம், பருவம் ஆகியவற்றுக்கேற்பத் தனித்தனிக் கூட்டமாகத் திரிபவை. மீனவர் கண்ட பெருங்கூட்டத்தில் ஆண்களும் இளையவையும் மிகுதி. அறிஞர் தேடியது தாய்களை. தலைகளை எண்ணினால் சுறாக்கள் நிறைய இருந்தன. தாய்களை எண்ணினால் இல்லை. 1997 முதல் 2003 வரை ஆய்வு வலையில் சிக்கிய குட்டிகள் மிக மிகக் குறைவு. ஏழு ஆண்டுகள் தொட்டில் ஏறக்குறையக் காலியாகவே கிடந்தது எனலாம்.

2000-இல் கடுமையான திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்குச் சுமார் 1,800 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது. ஒரு படகு ஒரு நடையில் சில நூறு பவுண்டுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. ஆனால் ஓர் ஓட்டை இருந்தது. கரையிலிருந்து 3 மைல் வரையுள்ள கடல் மாநிலங்களின் ஆட்சிக்கு உட்பட்டது. மத்திய விதி அங்கே செல்லாது. சினைச்சுறாக்கள் கரையை நெருங்கி வந்தால் மாநில எல்லைக்குள் பிடித்துக்கொள்ளலாம் என்ற நிலை. அட்லாண்டிக் மாநிலங்களின் கூட்டு மீன்வள ஆணையம் தன் திட்டத்தை 2002-இல் வகுத்த பிறகே அந்த ஓட்டை அடைபடத் தொடங்கியது.

பத்தாண்டுகள் மீனவர் பொறுத்தனர். பதப்படுத்தும் ஆலைகள் பல மூடின. 2010-இல், தாய்ச்சுறாக்களின் நிறை குறித்த இலக்கை எட்டிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. மீண்டும் பிடிக்கலாம், ஆனால் வாங்குவதற்கு ஆளில்லை!

முத்திரை ஏன் தேவைப்பட்டது?

அமெரிக்கா தடைவிதித்திருந்த அதே காலத்தில் ஐரோப்பாவின் பக்கத்தில் வேறொரு நாடகம் நடந்தது. அங்கே 1960-களில் ஆண்டுக்கு 60,000 டன்னை எட்டிய முட்சுறாப் பிடிப்பு சரிந்துகொண்டே வந்தது. அட்லாண்டிக்கின் கிழக்குக் கரையில் இவ்வினம் அழிவின் விளிம்பில் உள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது. உலக வணிகத்தில் இதனைக் கட்டுப்படுத்தவேண்டும் என்று 2007-இல் ஹேக் நகரிலும் 2010-இல் தோஹாவிலும் நடந்த மாநாடுகளில் ஐரோப்பிய நாடுகள் தீர்மானம் கொண்டுவந்து தோற்றன. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் கடலில் இதன் அளவைச் சுழியம் என்று நிர்ணயித்தது. அந்தத் தடை விலகியது 2023-இல்தான்.

இந்நிலையில் ஜெர்மானிய இல்லத்தரசி கடையில் என்ன செய்வார்? ‘முட்சுறா அழிகிறது, வாங்காதீர்கள்’ என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. கடைக்காரர் அலமாரியிலிருந்து அதை எடுத்துவிடுகிறார். அட்லாண்டிக்கின் மேற்குக் கரைச் சுறா வேறு, கிழக்குக் கரைச் சுறா வேறு. ஒன்று மீண்டுவிட்டது, மற்றொன்று மீளவில்லை. இந்த வேறுபாடு மீன்துண்டின் மேல் எழுதப்பட்டிருக்கவில்லை. பத்தாண்டு பட்டினி கிடந்து கடலை மீட்டவனும், கடலைச் சூறையாடியவனும் சந்தையில் ஒரே தட்டில் வைக்கப்பட்டனர்.

இந்த இடத்தில்தான் முத்திரையின் பயன் விளங்குகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் தூண்டிலால் முட்சுறா பிடிக்கும் தொழில் 2011-இல் சான்று பெற்று, உலகிலேயே சான்று பெற்ற முதல் சுறா மீன்பிடிப்பு ஆயிற்று. அடுத்து 2012-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் முட்சுறாப் பிடிப்பு சான்று பெற்றது.

தேர்வு நடக்கும் முறை

சான்றின் உரிமையாளர் இலண்டனில் உள்ள மெரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற அமைப்பு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் 1992-இல் காட் மீன் அடியோடு சரிந்து, 30,000-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தனர். அந்த அதிர்ச்சியின் விளைவாக, உலக வனவுயிர் நிதியமும், உறைமீன் வாங்குவதில் அன்று முன்னணியில் இருந்த யூனிலீவர் நிறுவனமும் சேர்ந்து 1997-இல் இதனைத் தோற்றுவித்தன. பின்னர் அது தனித்தியங்கும் அமைப்பாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வினாத்தாளைத் தயாரிப்பது அந்தக் கவுன்சில். விடைத்தாளைத் திருத்துவது அதுவன்று. தனியான தணிக்கை நிறுவனம் ஒன்று அறிஞர்களை அமர்த்தித் திருத்துகிறது. தேர்வில் மூன்று பகுதிகள் உள்ளன.

முதற்பகுதி: பிடிக்கப்படும் மீனினம் நலமாக உள்ளதா? குறைந்தால் பிடிப்பைக் குறைக்கும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளதா?

இரண்டாம் பகுதி: வலையில் வேறு எவை சாகின்றன? முட்சுறாவைப் பெரும்பாலும் கடலடியில் நிறுத்தும் செவுள்வலையால் பிடிக்கிறார்கள். அதில் துறைமுகக் கடற்பன்றி என்னும் சிறு பாலூட்டி சிக்கி மூச்சுமுட்டிச் சாகும். அதனை எச்சரிக்க, குறிப்பிட்ட இடங்களில் வலையின்மேல் ஒலியெழுப்பும் சிறு கருவிகளைக் கட்டவேண்டும் என்பது அங்கே சட்டம். இத்தகைய செய்திகள் இப்பகுதியில் ஆராயப்படும்.

மூன்றாம் பகுதி: ஆட்சிமுறை. சட்டம் உள்ளதா, அது நடக்கிறதா, மீனவரின் குரல் கேட்கப்படுகிறதா என்பன.

மூன்று பகுதிகளிலும் சேர்த்து ஏறத்தாழ முப்பது வினாக்கள். மதிப்பெண் முறை நம் மாணவ நண்பர்களுக்கு எளிதில் விளங்கும். எந்த ஒரு வினாவிலும் 60-க்குக் கீழே வந்தால் முழுத் தேர்விலும் தோல்வி. ஒவ்வொரு பகுதியிலும் சராசரி 80 வரவேண்டும். ஒரு வினாவில் 60-க்கும் 80-க்கும் இடையே பெற்றால் தேர்ச்சி உண்டு. ஆனால் அதனை நம் ‘அரியர்ஸ்’ போலக் குறித்த காலத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். சான்று ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். இடையில் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் எறியும் கொடுமை நடக்கும் தொழிலுக்குச் சான்று இல்லை. படகிலிருந்து கடைவரை மீன் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் சான்று பெற்ற மீன் மற்றதனோடு கலக்காமல் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. தணிக்கை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பது சான்று கேட்கும் மீன்தொழிலாரே. தேர்வு எழுதுபவரே திருத்துபவருக்குச் சம்பளம் கொடுப்பது சரியா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தீர்ப்பை எதிர்த்து முறையிட வழி இருப்பினும், இக்கேள்வி நியாயமானதே. செலவு மிகுதியாதலால் சிறு மீனவர் எட்ட முடியாத உயரத்தில் சான்று இருக்கிறது என்பதும் உண்மை.

திருக்கை தரும் சிக்கல்

பின்னர் முட்சுறாவின் சான்றிலேயே விண்டர் ஸ்கேட் என்ற மீனும் சேர்க்கப்பட்டது. ஸ்கேட் என்பது நம் திருக்கையின் உறவு. நம் திருக்கை குட்டி ஈனும். ஸ்கேட் தோல்போன்ற உறைக்குள் முட்டையிடும். இதன் இறக்கைகள் பிரான்சுக்கும் கொரியாவுக்கும் செல்கின்றன.

அமெரிக்க வடகிழக்குக் கடலில் ஸ்கேட் ஏழு வகை. அவற்றில் சில நலமாக உள்ளன, சில நலிந்துள்ளன. பார்ண்டோர் ஸ்கேட் என்னும் பெரிய வகை மறைந்தே போகக்கூடும் என்று 1998-இல் ‘சயன்ஸ்’ இதழில் எச்சரிக்கை வெளிவந்தது. 2003-இல் அதனைக் கரைக்குக் கொண்டுவருவதைத் தடைசெய்தனர். அது மெல்ல மீண்டது. 2018 முதல் சிறிதளவு பிடிக்க அனுமதிக்கப்பட்டது. அதே நாளில் தடை பெற்ற தார்னி ஸ்கேட்டோ அவ்வாறு மீளவில்லை. ஒரே கடல், ஒரே சட்டம். ஒன்று எழுந்தது, ஒன்று எழவில்லை.

சிக்கல் யாதெனில், மீனவர் படகிலேயே இறக்கையை வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். வெட்டிய இறக்கையை வைத்து இனம் சொல்வது கடினம். இளமையில் விண்டர் ஸ்கேட்டையும் லிட்டில் ஸ்கேட்டையும் முழுமீனாகக் கண்டாலே அறிஞர்களும் தடுமாறுவர். எந்த மீன் என்றே உறுதியாகத் தெரியாதபோது, அது நலமா என்று எப்படிச் சொல்வது? சான்று பெறுவதற்கு முன் பெயர் சொல்லத் தெரியவேண்டும். வகைப்பாட்டியல் தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் என்று எண்ணும் நண்பர்கள் இதை நினைவில் கொள்க.

காலித் தொட்டிலின் கணக்கு

இனி முட்சுறாவின் கதையின் கடைசிப் பகுதிக்கு வருவோம். 2012-இல் சான்று கிடைத்தது. பிடிக்கக்கூடிய அளவும் உயர்த்தப்பட்டது. ஆனால் 1997 முதல் 2003 வரை காலியாகக் கிடந்த தொட்டிலை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அப்போது பிறந்திருக்க வேண்டிய பெண் குட்டிகள் பிறந்திருந்தால், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதாவது 2009-க்கும் 2015-க்கும் இடையில் தாய்களாகியிருக்கும். அவை பிறக்கவில்லை, ஆகையால் தாய்களும் வரவில்லை. மீட்சி அறிவிக்கப்பட்ட நாளிலேயே இந்தப் பள்ளம் முன்னால் இருப்பதை அறிஞர்கள் கணக்கிட்டே வைத்திருந்தனர்.

2022-இல் ஆண்டுக்குச் சுமார் 13,400 டன்னாக இருந்த அளவு, புதிய மதிப்பீட்டின் பின் 2023-இல் சுமார் 5,400 டன்னாகக் குறைக்கப்பட்டது. சான்று பொய்த்தது என்று இதனைக் கொள்ளலாமா? முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது வேறுவிதமாக எண்ணுகிறேன். ‘இந்தக் கடலில் சுறா என்றும் குறையாது’ என்று சான்று சொல்லவில்லை. ‘குறைந்தால் இவர்களுக்குத் தெரியவரும், தெரிந்தால் குறைத்துப் பிடிப்பார்கள்’ என்றுதான் சொல்லியது. தெரிந்தது, குறைத்தார்கள். 1996-இல் செய்யாததை 2023-இல் செய்தார்கள். நற்சான்று சுறாவுக்குக் கொடுக்கப்பட்டதன்று. எண்ணுபவருக்கும், எண்ணியதற்குக் கட்டுப்படுபவருக்கும் கொடுக்கப்பட்டது. எண்ணுவது நின்றால் முத்திரை வெறும் ஏட்டுச் சுரைக்காய்.

பேராசிரியரின் கேள்விக்கு என் விடை இதுதான்: கொல்வதற்குச் சான்று இல்லை, சார், எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருப்பதற்கே சான்று.

நம் கரையில்

இந்தியாவிலும் இம்முத்திரை பெற்ற தொழில் உண்டு. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுக்கும் தொழில் 2014-இல் சான்று பெற்றது. நாட்டிலேயே அதுதான் முதலாவது. ஆனால் அது ஒரே காயல், ஒரே வகை மட்டி. நம் கரையில் சுறாவும் திருக்கையும் பல இனங்களாக, வேறு மீன்களுக்கு வைத்த வலையிலேயே கலந்து வருகின்றன. சுறாவின் உடலோடு துடுப்பும் சேர்ந்தே கரைக்கு வரவேண்டும் என்று 2013-இல் விதி வந்தது. 2015-இல் துடுப்பு ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. ஆண்டுதோறும் விசைப்படகுகள் 61 நாட்கள் தடைக்காலத்தில் நிற்கின்றன. சாளைக்கும் அயிலைக்கும் அது பேருதவி. ஆனால் ஓராண்டுக் காலம் குட்டியைச் சுமக்கும் சுறாவுக்கு 61 நாள் போதுமா? பனைமரத்துக்கு நெல்லின் கால அட்டவணை பொருந்துமா?

எங்கள் ஊர் மீன் இறங்குதளத்துக்குக் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் ஒருவர் வருவார். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காகக் கணக்கெடுப்பவர். அந்நிலையம் 1947-இல் தொடங்கப்பட்டது. இப்போது கொச்சியில் இயங்குகிறது. சிறுவயதில் நாங்கள் அவரை ‘மீன் வாத்தியார்’ என்று கேலி செய்வோம். எந்தப் படகு, எத்தனை கூடை, என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேட்டுக் கேட்டு எழுதுவார். மீன் வாங்கவும் மாட்டார், விற்கவும் மாட்டார். இவருக்கு இதில் என்ன ஆதாயம் என்று எங்களுக்குப் புரிந்ததில்லை.

ஒருநாள் அவர் எங்கள் வள்ளத்தை நோக்கி வந்தபோது அப்பா என் காதோடு, “கேட்டா கொறச்சுச் சொல்லு மக்கா. கூடச் சொன்னா நாளைக்கு வரியப் போட்டுருவானுவ” என்றார். அன்று எங்கள் வள்ளத்தில் மூன்று கூடைச் சுறா இருந்தது; ஒரு கூடை என்று சொன்னேன். அவர் என் முகத்தையும் கூடைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டு போனார். அவர் எழுதியது ஒன்றா மூன்றா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

வுட்ஸ் ஹோலின் கணக்கைப் படித்த நாளிலிருந்து அந்த முகம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அமெரிக்காவின் சான்றிதழுக்குப் பின்னால் அரை நூற்றாண்டு கால நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. நம்மிடமும் அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் சொல்லும் எண் உண்மையாக இருந்தால்தான் நம் கடலில் எத்தனை தாய்ச்சுறா மிச்சம் என்று ஒருநாள் சொல்ல இயலும். குறைத்துச் சொன்ன இரண்டு கூடை யாருடைய வரியையும் மிச்சப்படுத்தவில்லை; நாங்கள் நாளை நம்பியிருக்கப்போகும் கணக்கைத்தான் கெடுத்தது.

சென்ற விடுமுறையில் அப்பாவிடம் முட்சுறாவின் கதையை முழுவதும் சொன்னேன். வலை பொத்திக்கொண்டே கேட்டார். அங்கேயும் மீனவர் ‘கடல் நிறையச் சுறா இருக்கு’ என்று சண்டை போட்டார்கள் என்றபோது சிரித்தார். தாய்ச்சுறா மட்டும் இல்லாமல் போனது என்றபோது சிரிப்பு நின்றது. சிறிது நேரம் கழித்து, “எங்க அப்பா காலத்துல ஒரு சுறாவ ரெண்டு பேரு கம்புல தூக்கிட்டு வருவாக” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாள் காலை நோட்டுப் புத்தகக்காரர் வந்தார். இம்முறை அப்பாவே எழுந்து, கூடைகளைத் தூக்கிக் காட்டி எண்ணிச் சொன்னார். சுறா இரண்டு கூடை, திருக்கை ஒன்று. அவரும் எண்ணிப் பார்த்து எழுதிக்கொண்டார். எந்த முத்திரைக்கும் முதல் வரி அப்படித்தான் எழுதப்படுகிறது என்று நான் நம்புகிறேன்.